பவுத்திர நோய்க்குக் காரநூல்

கமக்காரர் பலர் வெளியே சொல்லக் கூசி மறைத்து வைக்கும் நோய்களுள் பவுத்திரமும் ஒன்று. ஆசனவாயின் அருகே தோன்றிய கட்டி உடைந்து, உள்ளிருந்து வெளித்தோல்வரை புரையோடி, சீழ் வடிந்துகொண்டிருப்பதே இதன் குறியாகும். மூலநோய் வேறு, பவுத்திரம் வேறு.

இதற்கு ஆயுர்வேதம் கூறும் சிகிச்சை க்ஷார சூத்திரம் எனப்படும் காரநூலாகும். களையெனப் பிடுங்கி எறியும் நாயுருவி, இலைக்கள்ளி, மஞ்சள் ஆகிய மூன்றுமே இதற்கு வேண்டிய சரக்குகள். நாயுருவியை உலர்த்திச் சுட்டு, சாம்பலை நீரிற் கரைத்து வடித்துக் காய்ச்சினால் காரம் கிடைக்கும். உறுதியான நூலில் கள்ளிப்பாலை 11 முறையும், பாலையும் காரத்தையும் 7 முறையும், பாலையும் மஞ்சட்டூளையும் 3 முறையுமாக 21 முறை பூசி உலர்த்துவர். வைத்தியர் அந்நூலைப் புரையினூடே செலுத்திக் கட்டி, கிழமைக்கு ஒருமுறை மாற்றுவார். நூல் சிறிது சிறிதாக அறுத்துச் செல்ல, அதன் பின்னே புண் ஆறிவரும்.

இம்முறை பயன் தருமா? புதிய நெல்லினத்தைப் பழைய இனத்துடன் அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்தே நாம் ஒப்பிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அவ்வாறே செய்தது. ஏறக்குறைய 500 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் காரநூலும் மற்றவருக்குச் சத்திரசிகிச்சையும் அளித்து, 1991ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. காரநூல் இட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும், சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும் நோய் திரும்பி வந்தது. ஆயினும் புண் ஆறுவதற்குச் சத்திரசிகிச்சையில் 4 கிழமையும், காரநூலில் 8 கிழமையும் சென்றன.

கவனிக்க வேண்டியவை:

1. சோதித்து அறியப்பட்டது முறைப்படி செய்த நூலேயன்றி, வேலியிற் பறித்த கள்ளிப்பால் அன்று. அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதனை ஒருபோதும் தாமாகப் பூசலாகாது.

2. பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற வைத்தியரிடமே நூலிடுவித்தல் வேண்டும். நூல் தவறான வழியிற் சென்றால் மலத்தை அடக்கும் தசை பழுதுறும்.

3. மலத்துடன் இரத்தம் போவது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகையால் முதலில் வைத்தியசாலையிற் பரிசோதனை செய்வித்தல் அவசியம்.

4. கிழமைதோறும் வைத்தியரிடம் செல்ல வேண்டியிருப்பதால், அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் இச்சிகிச்சைக்கு வசதியானது. ஆனால் காய்ச்சலும் வீக்கமும் கண்டால் அறுவடையையும் பாராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பயிரின் நோயை மறைத்தால் விளைச்சல் கெடும். உடலின் நோயை மறைத்தால் உழைப்பே கெடும்.