‘கண்டெண்ட்’ என்னும் ஆங்கில வினையும் தமிழ் ‘உறழ்’தலும்

‘கண்டெண்ட்’ என்னும் ஆங்கில வினை, இழுத்து நீட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ‘ஃபார்’ என்னும் முன்னிடைச்சொல் தொடருமிடத்துப் பரிசு, பதவி முதலியவற்றுக்குப் போட்டியிடுதலையும், ‘வித்’ தொடருமிடத்து இடரை எதிர்த்து நிற்றலையும், ‘தட்’ எனத் தொடங்கும் தொடரை ஏற்குமிடத்து வாதித்து வலியுறுத்தலையும் சுட்டும். வறுமையுடன் ஒருவர் ‘போட்டியிட்டார்’ எனப் பெயர்ப்பது நகைப்புக்கிடமாம். ‘போராடினார்’ என்பதே தமிழ் வழக்கு. இடர்ப்பாடு மிக்கது மூன்றாம் பொருளே. மறுப்பார் உளர் என்னும் குறிப்பு அதனுள் உறைகின்றது. ‘கூறுகிறார்’ என எழுதின் அக்குறிப்பு அழிந்துபடும். ‘வாதிடுகிறார்’ எனின் நிற்கும். போட்டியையும் சொல்லாடலையும் ஒருங்கே உணர்த்தும் வினை தமிழில் இல்லை என்பார் ‘உறழ்’ என்பதை நோக்குதல் வேண்டும். அது மாறுபடுதலைக் குறிக்கும். கூற்றும் மறுமொழியும் மாறிமாறி வரும் கலியைத் தொல்காப்பியம் ‘உறழ்கலி’ என்கிறது. அவ்வினையடியாகப் பிறந்த ‘உறழ’ உவம உருபாகவும் அந்நூலில் இடம்பெறுகின்றது. எதிர்நிற்றலிலிருந்து ஒப்புமைக்குச் செல்லும் அப்பொருள்விரிவு ஆங்கில வினைக்கு வாய்க்கவில்லை.