மடை அடைக்கும் குழாய்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நாள்களில் உழவர் மண்வெட்டியுடன் வரப்பில் நிற்பர். நாற்று நடாத வயலின் மடையை மண்ணிட்டு அடைத்து, பயிருள்ள வயலுக்கு நீரைத் திருப்புவர். நுரையீரலும் இதையே செய்கிறது. காற்றுச் சென்று சேராத பகுதியின் நுண்தமனிகள் சுருங்க, இரத்தம் ஆக்சிஜன் மிகுந்த பகுதிக்குத் திரும்புகிறது. பிற உறுப்புகளில் ஆக்சிஜன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும்; நுரையீரலிலோ சுருங்கும். சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளை ஆராய்ந்து இம்முரணை விளக்கினர்.

வயலில் மடை அடைப்பவர் உழவர். நுரையீரலில் அடைப்பது யார்? மூளையா, நரம்பா, குழாயேதானா? விடை காணக் குழாயைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. விலங்கின் நுரையீரல் தமனியிலிருந்து சில மில்லிமீட்டர் அகல வளையமொன்றை வெட்டி, 37 பாகை செல்சியசு வெப்பமுள்ள உப்புக் கரைசலில் இரு கொக்கிகளுக்கிடையே மாட்டுவர். கரைசலில் ஆக்சிஜன் குமிழியிட்டுக் கொண்டிருக்கும். நார்அட்ரினலினையோ செரட்டோனினையோ சிறிதளவு சேர்த்தால் வளையம் இறுகும். கொக்கியில் ஏறும் இழுவிசையைக் கருவி வரைந்து காட்டும். இதயமில்லை, மூளையில்லை, ஆயினும் தசை இறுகுகிறது. தசைச் செல்லினுள் கால்சியம் மிகுவதே அதற்குக் காரணம். நரம்புத் தொடர்பு அறுந்த நுண்தமனிகள் ஆக்சிஜன் குறைவுக்கும் இவ்வாறே சுருங்குகின்றன. ஆக, மடையும் மடை அடைப்பவரும் இங்கு ஒருவரே.

குழாயின் உட்படலம் வெறும் பூச்சன்று. அசிட்டைல்கோலின் தமனியைத் தளர்த்த அப்படலம் வேண்டும் என்பதை, முயலின் பெருந்தமனி வளையங்களைக் கொண்டு ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். உட்பரப்பு தேய்ந்துபோன வளையங்கள் தளரவில்லை. படலம் வெளிவிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பதை மாட்டின் நுரையீரல் குழாய்களில் நிறுவியோருள் ஒருவர் இக்னாரோ. இவ்விருவரும் முராடும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

பள்ளத்தாக்கில் ஒரு மடையை அடைத்தால் நன்மை. எல்லா மடைகளையும் ஒருசேர அடைத்தால் வாய்க்கால் கரை உடையும். 1962ஆம் ஆண்டுப் போரையொட்டி இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து அனுப்பப்பெற்ற இந்திய வீரர் சிலருக்கு நேர்ந்தது இதுவே. அங்கே எப்பக்கமும் ஆக்சிஜன் குறைவு. குழாய்கள் ஒழுங்கின்றி எங்கும் சுருங்கின. அடைபடாத இடங்களில் அழுத்தம் ஏற, நீர் கசிந்து நுரையீரலை நிறைத்தது. நிமோனியா என எளிதில் மயங்கத்தக்க இந்நோயை இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கின் குழுவினரும் மேனனும் 1965இல் விரிவாக எழுதினர். கால்சியம் நுழையும் வழியைத் தடுக்கும் நிஃபெடிபின் இன்று இந்நோய்க்குத் தரப்படுகிறது. எனினும், நோயாளிக்கு ஆக்சிஜன் அளித்து, தாமதமின்றி மலையிலிருந்து கீழே இறக்குவதே முதல் மருத்துவம்.