உள்ளாடையும் பருத்தியாகவே இருக்கட்டும்

கரிசலில் பருத்தி விளைவிக்கும் குடும்பங்களிலிருந்து பலர் சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். மேலே பருத்தித் துணி உடுத்தினாலும், உள்பாவாடையும் உள்ளாடையும் நைலான், பாலியஸ்டராக இருந்தால் ஆபத்து நீங்காது.

காரணம் என்ன? பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்பதில்லை. ஈரமற்ற இழை உராயும்போது நிலைமின்சாரம் தேங்குகிறது. அதன் சிறு பொறியே வெடிமருந்தைப் பற்றவைத்துவிடலாம். பருத்தியும் எரியும், ஆனால் செயற்கை இழையைப்போல் உருகித் தோலில் ஒட்டாது.

சாயத்திலும் கவனம் தேவை. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்கள் பலவற்றை மத்திய அரசு 1997-இல் தடை செய்தது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. சாயமிடாத பருத்தி உள்ளாடையையே வாங்குங்கள்.

2. வண்ணத்துணியை இருமுறை அலசிய பின்னரே அணியுங்கள். பிறகும் சாயம் இறங்கினால் தவிர்த்துவிடுங்கள்.

3. ஐயமிருந்தால், வீட்டில் ஒரு நூலை மட்டும் உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையுடன் மெல்லிய சாம்பலானால் பருத்தி. கெட்டி மணியாக உருண்டால் செயற்கை இழை, அல்லது கலப்பு.

மேலாடையை மற்றவர் கவனிப்பர். உள்ளாடையை நாம்தான் கவனிக்க வேண்டும்.