பெயரும் எண்ணும்: மரபணுத் தரவுத் தேடலில் அடையாளச் சிக்கல்

முன்னுரை

ஆய்வகத்தில் கிடைக்கும் மரபணுப் பட்டியலைப் பொதுத் தரவுத்தளங்களோடு இணைத்துப் பொருள் காண்பது இன்றைய உயிரியலின் அன்றாடப் பணியாகும். 1982இல் தொடங்கிய ஜென்பேங்க், ஐரோப்பிய, ஜப்பானியத் தரவுத்தளங்களோடு நாள்தோறும் தரவுகளைப் பரிமாறிக்கொள்கிறது. ஒரு வரிசையைக் கொடுத்து அதனை ஒத்தவற்றைத் தேடும் பிளாஸ்ட் 1990இல் வெளிவந்தது. வரிசையைக் கொண்டு தேடுவதினும் பெயரைக் கொண்டு தேடுவது எளிது. இடரும் அங்கேயே தோன்றுகிறது. அவ்விடரை இக்கட்டுரை சொல்லாய்வு நோக்கில் அணுகுகிறது.

ஒரு பெயர், இரு பொருள்

'டெக்1' என்னும் குறியீடு இரு மரபணுக்களுக்கு வழங்கிவந்துள்ளது. ஒன்று மூன்றாம் குரோமோசோமில் உள்ளது. குருத்தெலும்பு உயிரணு ஆய்வால் பெயர் பெற்றது. மற்றொன்று ஒன்பதாம் குரோமோசோமில் உள்ளது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இழக்கப்படுவதால் பெயர் பெற்றது. பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் திரிசொல்லின் வகையாக நம் இலக்கணிகள் கொண்டனர். அங்கே இடம்நோக்கிப் பொருள் கொள்ளலாம். இணையத் தேடலில் தனித்து இடப்படும் சொல்லுக்கு அத்தகைய துணை இல்லை.

ஏடெழுதுவோர் பிழையும் எக்செல் பிழையும்

பெயர் திரிந்துவிடுவது இதனினும் கொடிது. எக்செல் மென்பொருள் 'செப்ட்2' என்பதைச் செப்டம்பர் 2 என்னும் நாளாக மாற்றிவிடும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களைப் பின்னிணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதைக் காட்டியது. தேடற்கருவி இதனைப் பிழையெனச் சொல்லாமல், பொருந்தாத வரியென விட்டுச்செல்லக்கூடும். ஆய்வாளர் அறியாமலே ஒரு மரபணு முடிவிலிருந்து மறைந்துபோகும்.

சுவடி ஒப்பீட்டில் பழகியோர்க்கு இது புதிதன்று. பிழையிலிருந்து மூலத்தை ஊகித்து மீட்கலாம் என்று தோன்றும். 'செப்ட்2' அவ்வாறு மீளும். ஆனால் 'மார்ச்1', 'மார்க்1' என்னும் வெவ்வேறு மரபணுக்கள் இரண்டும் மார்ச் 1 என்றே மாறுகின்றன. இரு பாடங்கள் ஒன்றாகிவிட்ட இவ்விடத்தில் ஊகத்திற்கு இடமில்லை. அடுத்த நிரலில் அடையாள எண் இருந்தால் மட்டுமே மூலம் தெரியவரும்.

2020இல் மரபணுப் பெயரிடல் குழு 'செப்டின்2', 'மார்ச்எஃப்1' எனப் பெயர்களையே மாற்றியமைத்தது. மென்பொருளுக்காகப் பெயர் வளைந்தது வியப்புக்குரியதே. தானியங்கு மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் வழங்கியது. பழைய கட்டுரைகளில் பழைய பெயர்களே நிற்கின்றன.

தமிழில் எழுதும்போது

தமிழ் அறிவியல் கட்டுரைகளில் குறியீடுகளை ஒலிபெயர்த்து மட்டும் எழுதுவது போதாது என்பது என் கருத்து. 'டிபி53', 'டி.பி.53', 'பி53' எனப் பலவாறு எழுதப்படும் பெயரைக் கொண்டு எந்தத் தரவுத்தளத்தையும் அடைய இயலாது. அதனருகே 7157 என்னும் என்சிபிஐ மரபணு எண்ணை இட்டால், எழுத்துப்பெயர்ப்பு எவ்வாறு இருப்பினும் வாசகர் உரிய பதிவைச் சென்றடைவார்.