சண்டை முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உவரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படையினரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எங்கள் பெரிய தாத்தாவும் 1946இல் ஜப்பானில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சண்டைதான் அதற்கு முந்தின வருஷமே முடிந்துவிட்டதே, அங்கே அவருக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டார் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான்.

1945 செப்டம்பர் 2 அன்று மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது. நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். ஆனால் 1946 தொடக்கத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இந்தியா ஆகிய நான்கு நாட்டுப் படைகளும் சேர்ந்த ஒரு கூட்டுப்படை அங்கே இறங்கியது. அதன் தலைமையகம் குரே துறைமுகத்தில் இருந்தது. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவும் அதன் பொறுப்பில்தான். இந்தியப் பிரிகேடுக்குத் தலைமை ஏற்றவர் கே. எஸ். திம்மய்யா, பின்னாளில் நம் ராணுவத்தின் தலைமைத் தளபதியானவர். வெடிமருந்துக் கிடங்குகளை அழிப்பது, ரோந்து போவது, வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஜப்பானியரைக் கண்காணிப்பது எனப் பல வேலைகள். ஊர்மக்களோடு பழகக் கூடாது என்று கடுமையான உத்தரவும் இருந்தது. 1947இல் நாடு விடுதலையான பிறகே இந்தியர்கள் முழுமையாக அங்கிருந்து கிளம்பினார்கள்.

ஜப்பானுக்குப் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. ஜப்பானியரிடம் ஆயுதத்தை வாங்கவும் சிறைப்பட்ட டச்சுக்காரரை மீட்கவும் என்று சொல்லித்தான் 1945 அக்டோபரில் 49ஆவது இந்தியப் பிரிகேடு சுரபயாவில் இறக்கப்பட்டது. இந்தோனேசியர்களோ ஆகஸ்டிலேயே சுதந்திரம் அறிவித்திருந்தார்கள். அக்டோபர் 30 அன்று அந்தப் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் மாலபி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று நகரம் முழுக்கச் சண்டை மூண்டது. அந்த நாளை இந்தோனேசியா இன்றும் மாவீரர் நாளாக நினைவுகூர்கிறது. வியட்நாமின் சைகோனில் ஜெனரல் கிரேசியின் 20ஆவது இந்தியப் பிரிவு பிரெஞ்சுக்காரர் திரும்பி வர வழி செய்து கொடுத்தது. அதற்காக, சரணடைந்த ஜப்பானியரின் கையிலேயே மறுபடி துப்பாக்கி கொடுத்தார்கள்! அடிமை நாட்டுச் சிப்பாயை விட்டே இன்னொரு அடிமை நாட்டை அடக்கிய கொடுமை அது. நேரு அப்போதே இதைக் கண்டித்தார்.

இந்த இடத்தில்தான் அமெரிக்கச் சிப்பாய்க்கும் நம்மவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அவனை வீட்டுக்கு அனுப்ப ஒரு புள்ளிக்கணக்கு இருந்தது. பணியில் கழித்த மாதத்துக்கு ஒரு புள்ளி, அதையே கடல் கடந்து கழித்தால் இன்னொன்று, பதக்கத்துக்கு 5, குழந்தை ஒன்றுக்கு 12 என்று கூட்டி, 1945 மே மாதத்தில் 85 சேர்ந்தவனுக்கு விடுதலை. அதிலும் தாமதம் ஆனதும் மனைவிமார் சங்கம் சேர்ந்து, அப்பாவைத் திருப்பி அனுப்பு என்று சீட்டு எழுதி, குழந்தைகளின் காலணிகளை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1946 ஜனவரியில் மணிலாவில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஊர்வலமே போனார்கள். அரசு பணிந்தது. 1945இல் ஒரு கோடியே 20 லட்சமாக இருந்த அமெரிக்கப் படை இரண்டே ஆண்டில் 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அந்தத் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் கையில் ஓட்டு இருந்தது, தம்பி. ஜப்பானியப் பெண்களும் 1946 ஏப்ரலில் முதன்முதலாக வாக்களித்துவிட்டார்கள். அதே ஜப்பானில் காவல் நின்ற நம் சிப்பாயின் அம்மா ஓட்டுச்சீட்டைத் தொட, பெரும்பாலும் 1951–52 தேர்தல் வரவேண்டியிருந்தது. மகனை அனுப்பு என்று அவள் யாரைக் கேட்டிருப்பாள்?

ஆனாலும் கேட்டவர்கள் இருந்தார்கள். மணிலா ஊர்வலம் நடந்த அதே ஜனவரியில் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படையினரே ஊருக்கு அனுப்பச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் கடற்படைப் பயிற்சித் தளத்தின் இந்திய மாலுமிகள் எழுந்தார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் இனவெறி வசவு, படையைவிட்டு அனுப்பிய பின் பிழைப்புக்கு என்ன வழி என்ற கவலை எல்லாம் அதில் உண்டு. கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள்: இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்ப அழைக்க வேண்டும். தங்கள் சோற்றுக்காகக் குரல் எழுப்பிய பையன்கள் வேறொரு நாட்டுக்காகவும் குரல் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள். அரசியல் தலைவர்களின் சொல்லைக் கேட்டு 23ஆம் தேதி பணிந்தார்கள். பலர் வேலை இழந்தார்கள். சுதந்திர இந்தியாவும் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இது பெரிய அநியாயம்.

உங்கள் பெரிய தாத்தாவைத் தேடும் வழிக்கு வருகிறேன். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் தாளோ வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதிலுள்ள படை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனுக்கு, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கு எழுத வேண்டும். பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் உங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைக்கலாம், அதையும் கூட எழுதுங்கள். எந்தெந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது என்பதை, போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புப் படைகளைப் பற்றி ராஜேந்திர சிங் எழுதி 1958இல் வெளிவந்த அரசு வரலாற்று நூலில் பார்க்கலாம். அதற்கெல்லாம் முன்னால், அவரைப் பார்த்துப் பழகிய பாட்டிமார் யாராவது ஊரில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார், வரும்வரை வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.