கஞ்சி கரண்டியில் நிற்கிறதா?



என் மூத்த மகளுக்கு அப்போது 9 மாதம். அங்கன்வாடியில் எடை போட்டார்கள். ஆறரை கிலோ. முந்தின மாதமும் அதே ஆறரைதான். வளர்ச்சி அட்டையில் கோடு ஏறவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தினம் மூணு வேளை கஞ்சி கொடுக்கிறேன் டீச்சர். ஒரு வாய் மிச்சம் வைக்க மாட்டா" என்றேன்.

"நாளைக்கு அந்தக் கஞ்சியைக் கொஞ்சம் கொண்டு வாம்மா" என்றார்.

மறுநாள் டீச்சர் ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி வழிந்து ஓடியது. "இது கஞ்சி இல்லம்மா, கஞ்சித்தண்ணி. வயிறு ரொம்பும், உடம்பு தேறாது" என்றார். கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று என் மாமியார் சொல்ல, நானும் பயந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்று நான் கற்றதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் கெட்டியாக இருக்க வேண்டும்?

7 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் அளவுதான், ஏறக்குறைய 200 மில்லி. அந்த ஒரு டம்ளரில் தண்ணீரே நிறைந்துவிட்டால் சத்துக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக்கூடாது. மெதுவாக, கட்டியாக விழ வேண்டும். இதுதான் கரண்டிச் சோதனை.

எப்போது தொடங்குவது?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் இணை உணவு. 2 வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

முளைகட்டிய சத்துமாவு

தேவையானவை: கேழ்வரகு அரை கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, நிலக்கடலை 100 கிராம்.

1. கேழ்வரகையும் பயறையும் கல், மண் நீக்கிக் கழுவி, தனித்தனியாக ஓர் இரவு ஊற வையுங்கள்.
2. தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி வையுங்கள். பயறு ஒரு நாளில் முளைவிடும். கேழ்வரகுக்கு ஒன்று, இரண்டு நாள் ஆகும். புளித்த வாடை வந்தாலோ, பூஞ்சணம் பிடித்தாலோ கொட்டிவிடுங்கள்.
3. வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் மொறுமொறுவென்று காய வையுங்கள்.
4. சிறு தீயில் மணம் வரும் வரை லேசாக வறுங்கள். சிவக்க விடாதீர்கள். நிலக்கடலையைத் தனியாக வறுத்துத் தோல் நீக்குங்கள். சுருங்கிய, கறுத்த, பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அது விஷம்.
5. மில்லில் அரைத்து, சலித்து, ஆறியதும் ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு நம் மாவைப் போட்டால் காரம் ஏறிவிடும். மில்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

முளை கட்டுவது எதற்கு?

சாதாரண மாவில் கொஞ்சம் போட்டாலே கஞ்சி கட்டியாகிவிடும். உடனே தண்ணீர் ஊற்றுவோம். முளைகட்டிய மாவில் கஞ்சி இளகும். அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டாலும் குழந்தை சுலபமாக விழுங்கும். மேலும் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய. 100 கிராமில் 300 மில்லி கிராமுக்கு மேல் உண்டு.

கஞ்சி காய்ச்சும் முறை

3 பெரிய ஸ்பூன் மாவை முக்கால் டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விடுங்கள். கரண்டியில் நிற்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். இறக்கியதும் ஒரு சிறு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேருங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் கூடவே கூடாது. இனிப்புக்கு மசித்த வாழைப்பழம் போதும்.

எவ்வளவு? எத்தனை வேளை?

6 முதல் 8 மாதம்: 2, 3 ஸ்பூனில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை, தினம் 2, 3 வேளை.
9 முதல் 11 மாதம்: அரை முதல் முக்கால் கிண்ணம், 3, 4 வேளை.
1 முதல் 2 வயது: முக்கால் முதல் ஒரு கிண்ணம், 3, 4 வேளை. இடையில் பழம், இட்லி போன்றவை.
(கிண்ணம் என்றால் 250 மில்லி.)

சத்துமாவு மட்டும் போதாது. இரும்புச் சத்துக்கு மசித்த கீரை, பருப்பு, முட்டை, ஈரல் இவையும் வேண்டும். புதிய உணவை ஒவ்வொன்றாக, 3 நாள் இடைவெளி விட்டுப் பழக்குங்கள். சத்துமாவில் உள்ள மூன்றையும் அப்படியே தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த பிறகு கலந்த மாவு கொடுங்கள். தடிப்பு, வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

பால்புட்டி வேண்டாம். கிண்ணமும் ஸ்பூனும் போதும். சோப்புப் போட்டுக் கை கழுவி, அப்போதைக்கப்போது காய்ச்சிக் கொடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தாலும் உணவை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்வோம்

1. நம் குழு வீடுகளில் 6 மாதம் முதல் 2 வயது வரை எத்தனை குழந்தைகள்? தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
2. அம்மாக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டு வாருங்கள். எல்லார் முன்னாலும் கரண்டிச் சோதனை செய்யுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். நானும் தெரியாமல் செய்தவள்தான்.
3. மாமியார், அம்மா, பாட்டி எல்லாரையும் கூப்பிடுங்கள். கஞ்சி காய்ச்சுவது பல வீட்டில் அவர்கள்தானே!

கெட்டிக் கஞ்சிக்கு மாறிய பிறகு என் மகளின் அட்டையில் கோடு மெல்ல ஏறியது. டீச்சரிடம் அட்டையை வாங்கிக்கொண்டு வந்து முதலில் என் மாமியாரிடம்தான் காட்டினேன். "இனிமே நானே கெட்டியா காய்ச்சுறேன்" என்று சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.