நிற்கிற லாரிக்குக் காவல்

லாரித் திருட்டு என்றதும் வெளியூர்க்காரர்கள் முழு வண்டியும் காணாமல் போவதைத்தான் நினைக்கிறார்கள். சங்ககிரியில் எங்களைக் கேட்டால் வேறு பட்டியல் வரும்: ஸ்டெப்னி, பேட்டரி, டீசல், தார்ப்பாய், கயிறு, ஜாக்கி. வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும், விடிந்து பார்த்தால் சாமான் இருக்காது. முழு வண்டி போவது எப்போதோ ஒருமுறை. இந்தச் சில்லறைத் திருட்டுதான் ஒரு நடையில் மிஞ்சுகிற காசை அப்படியே வழித்துக்கொண்டு போகிறது.

புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேனே" என்பார்கள். சரக்கு வண்டிப் பாலிசியை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். வண்டியோடு சேர்ந்து போனால்தான் டயருக்கும் துணைச் சாமான்களுக்கும் பணம். தனியாகக் கழற்றிக்கொண்டு போனால் கிடையாது. எங்கள் வண்டியில் ஸ்டெப்னி போனபோது இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டி அனுப்பிவிட்டார்கள். புது ரேடியல் டயர் சும்மா வருமா? அது முழுக்க நம் கைக்காசு.

ஆகவே பூட்டுக்குச் செய்கிற செலவைப் பார்க்கக் கூடாது. அதையும் நாமக்கல்லில் பாடி கட்டும்போதே பட்டறையில் சொல்லிச் செய்துவிட வேண்டும், பிறகு செய்தால் இரட்டைச் செலவு. பேட்டரிப் பெட்டிக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, கட்டர் உள்ளே நுழையாதபடி பூட்டை மறைத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னிக்குச் சங்கிலி. டீசல் டேங்கின் மூடிப் பூட்டை நான் நம்புவதில்லை. டேங்க் வாய்க்குள் ட்யூப் இறங்காதபடி சல்லடை பொருத்துவது அதைவிட உருப்படியான வேலை. டயர்களிலும் பேட்டரிகளிலும் வண்டி எண்ணைச் சூடு போட்டோ பெயின்ட் அடித்தோ வையுங்கள். டயரின் சீரியல் நம்பரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் போட்ட டயரை விற்பது கஷ்டம் என்பது திருடனுக்கும் தெரியும்.

பூட்டைவிட முக்கியம் ராத்திரி ஹால்ட் போடுகிற இடம். சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகப் போகிற 544-ஆம் நெடுஞ்சாலையிலும் சரி, நாமக்கல் வழியாகப் போகிற 44-லும் சரி, சர்வீஸ் ரோட்டு ஓரம், மேம்பாலத்தின் அடி, சாத்திய ஓட்டலின் வாசல், இந்த மூன்றிலும் இரவு நிறுத்தக் கூடாது. வைகுந்தம், ராசம்பாளையம் டோல்கேட் வெளிச்சம் எட்டுகிற இடமோ, ராத்திரி முழுக்க ஆள் இருக்கிற பங்கோ போதும். அரை மணி கூடுதலாக ஓட்டினாலும் பரவாயில்லை.

டேங்க் இருக்கிற பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். பெரிய அளவில் டீசல் எடுக்கிறவன் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதில்லை. இன்னொரு லாரியைப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்தி, தூங்குகிற பாவனையில் ட்யூப் போடுவான். இத்தனை இடம் காலியாகக் கிடக்கும்போது உங்கள் வண்டியை உரசுகிற மாதிரி ஒருவன் வந்து நிறுத்தினால், வண்டியை எடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது டிரைவர் விஷயம். இதில் எனக்கும் பல முதலாளிகளுக்கும் ஒத்துப்போகாது. ஒரு விடியற்காலையில் எங்கள் டிரைவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ரெண்டு பேட்டரியும் போயிருச்சுங்ண்ணா."

"நீ நல்லா இருக்கியா, அதச் சொல்லு மொதல்ல."

"இருக்கனுங்ண்ணா. எறங்கலாம்னு பாத்தேன், நாலஞ்சு பேரு நின்னானுங்க."

இறங்காமல் இருந்ததுதான் சரி. லோடோடு வண்டி அரை நாள் நின்றது, ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். பேட்டரிக்காக டிரைவரின் படிக்காசில் பிடிக்கிற முதலாளிகள் உண்டு. ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்த திருட்டு நடந்ததும் டிரைவர் நம்மைக் கூப்பிட மாட்டார். எங்காவது பழைய பேட்டரி வாங்கிப் போட்டுச் சமாளிக்கத்தான் பார்ப்பார். நமக்குத் தெரிய வரும்போது புகார் கொடுக்க வேண்டிய நேரம் போயிருக்கும். டிரைவரே டீசலை விற்பதும் நடக்கிறது, மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க மைலேஜ் கணக்கு இருக்கிறது.

சத்தம் கேட்டால் கேபின் கதவைத் திறக்காமல் ஹெட்லைட் போட்டு ஹாரன் அடித்து 112-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி போய்விட்டால் ஹாரன் ஏது? அதற்காகக் கேபினில் ஒரு விசில் கிடக்கிறது. பேட்டரி ஒயரைப் பிடுங்கியதும் குறுஞ்செய்தி அனுப்புகிற, தனக்கென்று உள்ளே ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கிற ஜி.பி.எஸ். கருவி கிடைக்கிறது. வாங்கினால் அதை வாங்குங்கள்.

ஆனால் ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் உதவாது. 2024 செப்டம்பரில் திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், காரையே கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு நம் குமாரபாளையம் பக்கம் வந்து மாட்டியது. இரும்புப் பெட்டிக்குள் போன வண்டிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. கேமராவில் நம்பர் பிளேட்டும் விழாது. கடைசியாகச் சிக்னல் வந்த இடத்தையும் நேரத்தையும் உடனே படம் எடுத்துவிடுங்கள். முழு வண்டியும் போயிருந்தால், பேலன்ஸ் தீருமே என்று ஃபாஸ்டேகை அவசரப்பட்டு முடக்க வேண்டாம். அடுத்த டோல்கேட்டில் பணம் பிடித்த செய்தி வந்தால் வண்டி போகிற திசை தெரியும். போலீஸிடம் காட்டிவிட்டு முடக்கிக்கொள்ளலாம்.

ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பாதீர்கள். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு வண்டி கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். "பேட்டரிதானே" என்று யாராவது சொன்னால், பாரதிய நியாய சன்ஹிதா 305-ஆம் பிரிவைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். சரக்கு வண்டியைத் திருடினாலும் அதிலிருந்து பொருளைத் திருடினாலும் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே எழுதிப் போடுங்கள். தாமதமாகிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், தகவல் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மைத் தள்ள முடியாது என்று 2020 ஜனவரியில் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாவி விஷயத்தில் அவ்வளவு தாராளம் கிடையாது. டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வழி விசாரிக்க இறங்கிய ஒரு லாரி வழக்கில், 2023-இல் அதே நீதிமன்றம் 75 சதவீதம்தான் தரச் சொன்னது. டீ குடிக்க இறங்கினாலும் சாவி இடுப்பில் இருக்கட்டும். இரண்டாவது சாவி வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், கிளெய்மின்போது இரண்டையும் கேட்பார்கள்.

கிளெய்ம் தொகை வந்தாலும் ஃபைனான்ஸ் பாக்கிக்குப் போக மிச்சம்தான் நமக்கு. அதுவரை தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.ஐ.ஆர். நகலோடு எழுதிக் கொடுக்காவிட்டால் காலாண்டு வரியும் ஏறிக்கொண்டே போகும். எவனோ ஓட்டுகிற வண்டிக்கு அபராதச் செலான் நம் போனுக்கு வரும். எழுதிக் கொடுத்ததற்கு மறக்காமல் சீல் போட்ட நகல் வாங்கி வாருங்கள்.